நினைவகத்துக்கு ஒரு யன்னல்

சென்ற வருடம் எங்கள் உம்மும்மாவுக்குச் செவிப்புலன் கருவி பொருத்துவதற்காகப் போயிருந்தோம். பரிசோதனை செய்த பெண், கருவியை உம்மும்மாவின் காதுக்குப் பின்னால் வைத்து, மெல்லிய வயர் ஒன்றினால் மேசையிலிருந்த கணினியோடு இணைத்தார். திரையில் தெரிந்த வளைகோடு ஒன்றின் ஓர் இடத்தைச் சற்று மேலே இழுத்தார். உம்மும்மா சட்டென்று தலையைத் தூக்கி, "பேன் சுத்துற சத்தம் கேக்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த வயருக்குள்ளால என்ன மகள் போகுது?" என்று கேட்டார்.

"இலக்கங்கள் போகுது உம்மும்மா" என்றேன். "இலக்கம் போனா எப்படிச் சத்தம் கேக்கும்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. இலத்திரனியலை நான்கு வருடம் படித்த எனக்கு அந்த இடத்தில் தமிழில் ஒழுங்காக விடை சொல்ல வரவில்லை. அன்று சொல்ல முடியாமற்போனதை இந்த மலரை வாசிக்கும் தங்கைமாருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தச் சிறிய கருவிக்குள் ஒரு முறைவழியாக்கி இருக்கிறது. ஒலி, படம் போன்று ஓயாமல் வந்துகொண்டிருக்கும் சமிக்ஞைகளைக் கணிப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட இலக்கமுறைச் சமிக்ஞை முறைவழியாக்கி அது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டீ.எஸ்.பீ. என்பார்கள். (தென்னிந்தியக் கதைகளில் வரும் பொலிஸ் அதிகாரிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) ஒலிவாங்கிக்கு வரும் ஒலியை ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைப் பெருக்கியும் கூட்டியும் திருத்தி, மீண்டும் ஒலியாக வெளியே விடுவதே அதன் வேலை. எவ்வளவால் பெருக்குவது என்பதும் ஓர் எண்தான். அது டீ.எஸ்.பீ.யின் நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெண் கோட்டை மேலே இழுத்தபோது கணினி அந்த எண்ணை மாற்றி எழுதியது. அதனால்தான் பேன் சத்தம் கேட்டது.

ஒரு முறைவழியாக்கி, தான் வேலை செய்யாத வேறொரு முறைவழியாக்கியின் நினைவகத்துக்குள் எப்படி எழுதுகிறது? அங்கிருப்பதை எப்படி வாசிக்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். கட்டளை கொடுக்கும் பக்கத்தை ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்பார்கள். நாம் தலைமை முறைவழியாக்கி என்று வைத்துக்கொள்வோம். செவிப்புலன் கருவிகளின் உள்ளமைப்பு கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். ஆகவே, நான் கையால் தொட்டுப் பழகிய ஒரு பழைய சிப்பைக் கொண்டு விளக்குகிறேன். அது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பனி 1990களில் வெளியிட்ட டீ.எம்.எஸ்.320 சீ542.

அந்தச் சிப் ஒரு செக்கனுக்கு 40 மில்லியன் அறிவுறுத்தல்கள் வரை செய்து முடிக்கும். தொலைபேசியின் தரத்தில் பேச்சொலி செக்கனுக்கு 8000 தடவை அளக்கப்படுகிறது. அதாவது 125 மைக்ரோ செக்கனுக்கு ஓர் எண். 40 மில்லியனை 8000ஆல் வகுத்துப் பாருங்கள். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் 5000 அறிவுறுத்தல்களுக்கு மட்டுமே நேரமுண்டு. அதற்குள் வேலை முடியாவிட்டால் ஒலி கரகரக்கும், அல்லது விட்டு விட்டுக் கேட்கும். ஆகவே பொத்தானை அழுத்தினார்களா, திரையில் என்ன எழுதுவது என்பன போன்ற சில்லறை வேலைகளை அதன் தலையில் கட்டக்கூடாது. அவற்றை வேறொரு சாதாரண முறைவழியாக்கி பார்த்துக்கொள்ளும். அதுதான் தலைமை.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். கணிப்பில் தலைமையைவிட டீ.எஸ்.பீ.தான் கெட்டிக்காரி. கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய சட்டிகளோடு மல்லுக்கட்டுபவர் உள்ளே நிற்கிறார். எத்தனை சகன் வேண்டும் என்று சொல்பவர் வெளியே நிற்கிறார். வெளியே நிற்பவர் அடிக்கடி உள்ளே வந்து சட்டியைத் திறந்தால் சமையல் கெட்டுவிடும். அதற்காக ஒன்றுமே கேட்காமலும் இருக்க முடியாது. இருவருக்கும் நடுவில் ஒரு யன்னல் வேண்டும்.

சீ542இல் அந்த யன்னலுக்கு எச்.பீ.ஐ. என்று பெயர். தலைமைக்கான வாயில் என்று பொருள் கொள்ளலாம்.

நினைவகம் என்பது இலக்கமிட்ட தட்டுகள் கொண்ட நீளமான அலுமாரி. ஒவ்வொரு தட்டிலும் 16 பிட் கொண்ட ஓர் எண் இருக்கும். தட்டின் இலக்கத்தை முகவரி என்கிறோம். இந்தச் சிப்பில் 4096 முதல் 6143 வரையான 2048 தட்டுகளை மட்டுமே யன்னல் வழியாகத் தொடலாம். மற்றத் தட்டுகள் டீ.எஸ்.பீ.க்கு மட்டுமே உரியவை. அலுமாரி முழுவதையும் திறந்துவிடாதது நல்லதென்றே நான் நினைக்கிறேன். அதன் அருமை பிறகுதான் எனக்கு விளங்கியது.

யன்னலில் மூன்று பதிவகங்கள் உள்ளன. ஒன்று முகவரிக்கு, ஒன்று தரவுக்கு, மற்றது கட்டுப்பாட்டுக்கு. எதைத் தொடுகிறோம் என்பதை இரண்டு வயர்கள் சொல்லும். இரண்டும் 0 என்றால் கட்டுப்பாடு, 1உம் 0உம் என்றால் முகவரி, இரண்டும் 1 என்றால் தரவு. மீதியுள்ள 0, 1 சேர்க்கையும் தரவுக்குத்தான். ஆனால் அதைப் பயன்படுத்தினால் முகவரி தானாகவே ஒன்று கூடிவிடும். நூறு எண்களை வரிசையாக அனுப்பும்போது நூறு தடவை முகவரி சொல்லத் தேவையில்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. வாசிக்கும்போது, வாசித்த பிறகு முகவரி கூடும். எழுதும்போதோ, முதலில் கூடிவிட்டுப் பிறகு எழுதும். எனவே 4100இலிருந்து வரிசையாக எழுத வேண்டுமானால் 4099 என்று சொல்ல வேண்டும். கைந்நூலில் இந்த வரியைத் தவறவிட்டவர்கள் எல்லாவற்றையும் ஒரு தட்டுத் தள்ளி எழுதிவிட்டு முழிப்பார்கள்.

தரவு போகும் வயர்கள் எட்டுத்தான். தட்டிலிருக்கும் எண்ணோ 16 பிட். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பைட்டாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்ப வேண்டும். 4100 என்ற முகவரி 16, 4 என்று போகும். ஏனென்றால் 16ஐ 256ஆல் பெருக்கி 4ஐக் கூட்டினால் 4100. அதேபோல 16384 என்ற எண் 64, 0 என்று போகும்.

எந்தப் பைட் முதலில்? தமிழ்ப் புத்தகத்தை ஒரு பக்கமாகத் திறக்கிறோம், அரபுப் புத்தகத்தை மறுபக்கமாகத் திறக்கிறோம். இரண்டும் சரிதான், ஆனால் கையிலிருப்பது எதுவென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். முறைவழியாக்கிகளிலும் பெரிய பைட்டை முதலில் வைப்பவை உண்டு, சிறியதை முதலில் வைப்பவையும் உண்டு. 64, 0 என்று அனுப்பியதை மறுபக்கம் 0, 64 என்று எடுத்தால் 16384க்குப் பதில் வெறும் 64தான் தட்டில் இருக்கும். இதைத் தீர்மானிக்கக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட் ஒதுக்கப்பட்டுள்ளது.

அப்படியானால் ஒரு சிக்கல். வரிசை முறையைச் சொல்லும் அந்தப் பிட்டையே அனுப்பும்போது எந்த வரிசையில் அனுப்புவது? இங்கேதான் இதை வடிவமைத்தவர்களை மெச்ச வேண்டியிருக்கிறது. கட்டுப்பாட்டுப் பதிவகத்துக்கு எழுதும்போது இரண்டு பைட்டும் ஒரே பெறுமானமாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் ஒன்றாக இருந்தால் எது முதலில் போனால் என்ன!

இன்னொரு விதியும் கண்டிப்பானது. முதற் பைட்டை அனுப்பினால் இரண்டாவதையும் கட்டாயம் அனுப்ப வேண்டும். நடுவில் விட்டுவிட்டு வேறு எதையாவது தொடங்கினால் தரவு அழிந்துபோகலாம்.

இனி, இருவரும் ஒரே கணத்தில் நினைவகத்தைத் தொட வந்தால்? தலைமைக்கே முன்னுரிமை. டீ.எஸ்.பீ. ஒரு சுற்று காத்திருக்கும். ஒரு சுற்று என்பது ஒரு செக்கனை 40 மில்லியனாகப் பிரித்ததில் ஒரு பங்கு. 5000இல் ஒன்று போனால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. டீ.எஸ்.பீ. முழுமையாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும்போதும் தலைமை தனியே இந்தத் தட்டுகளைத் தொடலாம். சிப் கண்விழிக்கும்போது அது ஓட்டவேண்டிய செய்நிரலையே இந்த யன்னல் வழியாக உள்ளே வைத்து, "இனித் தொடங்கு" என்று சொல்லிவிடவும் வழியுண்டு.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டில், எல்லாம் விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். என் செயற்றிட்டம் மிகவும் எளியது. காது கேளாதவர்கள் இருக்கும் வீட்டில் வாசல் மணி அடித்தால் ஒரு விளக்கு எரிய வேண்டும், எத்தனை மணிக்கு அடித்தது என்பதும் பதிவாக வேண்டும். மணியோசையை டீ.எஸ்.பீ. கண்டுபிடிக்கும். நேரத்தைத் தலைமை குறிக்கும். நேரம் எப்படி? டீ.எஸ்.பீ. தான் இதுவரை அளந்த எண்களின் தொகையை நினைவகத்தில் எண்ணிக்கொண்டே போகும். அதை 8000ஆல் வகுத்தால் செக்கன் வந்துவிடும்.

விளக்கு எரிந்தது. பதிவும் விழுந்தது. ஆனால் ஒரு பிற்பகலில் ஒன்றிரண்டு தடவை, மணி அடித்ததற்கு எட்டுச் செக்கன் பிந்திய நேரம் பதிவாயிற்று. அடுத்த பதிவு மறுபடியும் சரியாக இருக்கும். வயரை மாற்றினேன், பலகையை மாற்றினேன், மின்வழங்கியைச் சந்தேகித்தேன். செயற்றிட்டத்தை ஆசிரியர்களுக்குக் காட்டும் நாள் ஒரு வாரத்தில் இருந்தது. என்னோடு வேலை செய்த தோழி, "எட்டுச் செக்கன்தானே, விடு" என்றாள். நானும் விடத்தான் பார்த்தேன். ஆனால் பிழையான பதிவுகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, பிழை எப்போதும் 8.192 செக்கனாகவே இருந்தது. தற்செயலான பிழை இப்படி ஒரே அளவில் வராது.

8.192ஐ 8000ஆல் பெருக்கினேன். 65,536.

16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. அதற்கு மேல் போனால் எண்ணுக்கு இரண்டு தட்டுகள் வேண்டும். ஒன்றில் கீழ்ப்பகுதி, மற்றதில் மேற்பகுதி. கீழ்ப்பகுதி 65,535ஐத் தாண்டும்போது 0 ஆகி, மேற்பகுதியில் ஒன்று கூடும். தலைமை என்ன செய்தது? கீழ்ப்பகுதியை வாசித்தது: 65,535. பிறகு என்னுடைய செய்நிரல் இடையில் வேறு ஒரு சிறு வேலையைச் செய்துவிட்டு, மேற்பகுதியின் முகவரியைச் சொல்லி அதை வாசித்தது. அதற்குள் டீ.எஸ்.பீ. இன்னும் ஒன்றை எண்ணிவிட்டது. மேற்பகுதி 0ஆக இருந்தது, இப்போது 1. பழைய கீழ்ப்பகுதியையும் புதிய மேற்பகுதியையும் சேர்த்தால் 131,071. உண்மையான எண் 65,536. இப்படி 131,071 என்ற எண் டீ.எஸ்.பீ.யின் நினைவகத்தில் அப்போது இருந்ததே இல்லை. நான்தான் அதை உருவாக்கினேன்.

மணிக்கூட்டைக் கொண்டு பார்த்தால் இது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். நேரம் 9.59. நிமிடத்தைப் பார்த்து 59 என்று எழுதிக்கொள்கிறீர்கள். தலையைத் தூக்குவதற்குள் 10.00 ஆகிவிட்டது. இப்போது மணியைப் பார்த்து 10 என்று எழுதுகிறீர்கள். தாளில் 10.59 இருக்கும். மணிக்கூடும் பிழையில்லை, கண்ணும் பிழையில்லை.

யன்னலும் இங்கே விதிப்படிதான் நடந்தது. ஒரு தட்டை வாசிக்கும்போது அதன் இரண்டு பைட்டும் ஒரே கணத்துக்குரியவையாகவே வரும். அதற்கு எச்.பீ.ஐ. பொறுப்பு. இரண்டு தட்டுகள் சேர்ந்து ஓர் எண் என்பது அதற்குத் தெரியாது. அது எனக்கும் டீ.எஸ்.பீ.யின் செய்நிரலுக்கும் இடையிலான ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை நான் செய்யவேயில்லை.

திருத்துவதற்கு மூன்று வரிகள் போதுமாக இருந்தன. மேற்பகுதியை வாசி, கீழ்ப்பகுதியை வாசி, மேற்பகுதியை மறுபடியும் வாசி. இரண்டு மேற்பகுதிகளும் ஒன்றாக இருந்தால் எடுத்துக்கொள், இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கு. அதன் பிறகு இரண்டு நாள் இரவு பகலாக ஓடவிட்டேன். 8.192 திரும்ப வரவில்லை.

ஓர் எண்ணுக்கு இது போதும். நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட தொகுதியென்றால் போதாது. அதற்கு நினைவகத்தில் இரண்டு இடங்களை ஒதுக்குவார்கள். டீ.எஸ்.பீ. ஒன்றை நிரப்பும்போது தலைமை மற்றதை வாசிக்கும், பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். "நான் நிரப்பிவிட்டேன்" என்று அறிவிப்பதற்கும் எச்.பீ.ஐ.யில் வழி இருக்கிறது. டீ.எஸ்.பீ. கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட்டை மாற்றினால் தலைமையின் பக்கம் ஒரு வயரில் சமிக்ஞை போகும், வாசல் மணி அடித்ததுபோல. தலைமை டீ.எஸ்.பீ.யை அழைக்க இன்னொரு பிட் உண்டு.

யன்னலின் இன்னொரு குணத்தையும் சொல்ல வேண்டும். வேகத்துக்காக, நீங்கள் கேட்பதற்கு முன்பே அது எண்ணை எடுத்துத் தயாராக வைத்திருக்கும். முகவரியைச் சொன்னவுடனேயே தரவை எடுத்து வைத்துவிடும். தொடர்ந்து வாசிக்கும்போது, இந்த எண்ணைக் கொடுத்தவுடன் அடுத்ததை எடுத்து வைக்கும். விருந்தாளி வருமுன்னே ஊற்றி வைத்த தேநீர்போல. உடனே குடித்தால் சூடாக இருக்கும். நீங்கள் அரை மணி நேரம் கழித்து வந்தால்? அதற்குள் டீ.எஸ்.பீ. அந்தத் தட்டில் புதிய எண்ணை எழுதியிருக்கலாம். உங்கள் கைக்கு வருவது பழையது. ஆகவே இடைவெளி விட்டு வாசிப்பவர்கள் முகவரியைப் புதிதாகச் சொல்லிவிட்டு வாசிக்க வேண்டும், அல்லது ஒரே முகவரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கைந்நூலே இதைச் சொல்கிறது.

எண் சரியாக வந்தாலும் அதன் பொருள் சரியாக வரவேண்டுமே. இவ்வகை டீ.எஸ்.பீ.களில் பின்னங்களை 32,768ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வது வழக்கம். நினைவகத்தில் 16384 இருந்தால் அது அரைவாசி என்று பொருள். தலைமைக்கு அதைச் சொல்லாவிட்டால் பதினாறாயிரம் என்றே எடுத்துக்கொள்ளும். முகவரியிலும் இதே தொல்லை. நம் சாதாரணக் கணினி ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி கொடுக்கும். சீ542 இரண்டு பைட் கொண்ட தட்டுக்கு ஒரு முகவரிதான் கொடுக்கும். ஆகவே அங்கே பத்துத் தட்டுத் தள்ளியிருப்பது இங்கே இருபது பைட் தள்ளியிருக்கும்.

இப்போது கையடக்கத் தொலைபேசிகளில் தலைமையும் டீ.எஸ்.பீ.யும் ஒரே சிப்புக்குள் குடியிருக்கின்றன. எட்டு வயர்கள் இல்லை, பைட்டைப் பிரித்து அனுப்பும் வேலையும் இல்லை. ஒரே நினைவகத்தை இரண்டும் நேரடியாகப் பார்க்கும். தொல்லை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். தீரவில்லை, வேறு உருவத்தில் வந்திருக்கிறது. வேகமான முறைவழியாக்கிகள் அடிக்கடி தேவைப்படும் தரவின் பிரதியொன்றைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். அதைப் பதுக்கு நினைவகம் என்கிறோம். தலைமை பொது நினைவகத்தில் புதிய எண்ணை எழுதியிருக்கும், டீ.எஸ்.பீ. தன்னிடமுள்ள பழைய பிரதியையே பார்த்துக்கொண்டிருக்கும். சில இடங்களில் வன்பொருளே இரண்டையும் ஒத்துப்போக வைக்கும். மற்ற இடங்களில் "உன் பிரதியை எறிந்துவிட்டுப் புதிதாக எடு" என்று செய்நிரல்தான் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால், என்னுடைய 8.192 போல, எப்போதாவது ஒரு தடவை மட்டும் பிழைக்கும். அவற்றைப் பிடிப்பதுதான் கடினம்.

உம்மும்மாவின் கருவிக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண் கோட்டை இழுத்தவுடன் ஒலி மாறியது என்றேன். அது கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதே செய்த மாற்றம். கருவியை அணைத்தாலும் அழியாத நினைவகம் ஒன்று உள்ளே இருக்கிறது. இறுதியில் எல்லா எண்களையும் அதில் சேமித்தாக வேண்டும். அதனால்தான் அவர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "இப்ப மட்டும் வயரைத் தொட வேண்டாம்" என்று எங்களைத் தடுத்தார். பாதி புதியதும் பாதி பழையதுமாக எண்கள் அங்கே தங்கிவிடக் கூடாதல்லவா?

வீட்டுக்கு வந்ததும் இவ்வளவையும் உம்மும்மாவுக்குச் சொன்னேன். சமையற்கட்டு, யன்னல், மணிக்கூடு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பதுக்கு நினைவகத்துக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"கொஞ்சம் மெல்லமாப் பேசுங்க மகள். இப்ப எனக்குக் காது கேக்குது."